அந்தோணியாருக்குப் பின்னால் ஒரு கூட்டம்

இனிகோவை ஞாயிற்றுக்கிழமை நெய்க்காரப்பட்டிப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவாகிவிட்டது. மூன்று வயதுப் பொடியன் பஸ்ஸில் போகப்போகிற சந்தோஷத்தில் குதித்தான். அவன் அக்கா அன்புக்கரசிக்குத்தான் அது பிடிக்கவில்லை. தம்பி இல்லாத வீட்டில் அவள் யாரோடு சண்டை போடுவாள்?

காரணம் கரப்பான்பூச்சிகள். நாகல் நகரில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் அவை வாடகை இல்லாமல் குடும்பம் நடத்தின. இனிகோவுக்கு வீசிங் உண்டு. கரப்பான் இருந்தாலும் அவனுக்கு மூச்சு இழுக்கும், கரப்பானுக்கு ஸ்பிரே அடித்தாலும் இழுக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா ஸ்பிரே அடித்த அன்று அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாயிற்று. வீட்டில் கரப்பான் ஒழியும்வரை பையன் பெரியம்மாவிடமே இருக்கட்டும் என்றார் அம்மா.

எப்போது ஒழியும் என்று யாருக்கும் தெரியாது. அன்புக்கரசிக்கு அதுதான் ஆத்திரமாக வந்தது. ஒழித்தே தீருவது என்று அவள் முடிவு செய்தாள்.

அப்பா ஆனந்த்ராஜ் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்குக் குளியலறைச் சாக்கடைமேல்தான் சந்தேகம். சல்லடை மூடி போட்டார், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினார். குளியலறையில் கரப்பான் குறைந்தது. அடுப்படியில் குறைந்தபாடில்லை.

அன்புக்கரசி காலி ஊறுகாய் பாட்டில்களை எடுத்தாள். உள்ளே வாழைப்பழத் துண்டு போட்டு, வாயின் உட்புறம் எண்ணெய் தடவினாள். பழ வாசனைக்கு ஏறி உள்ளே விழுகிற பூச்சி, எண்ணெய் வழுக்குவதால் வெளியே வர முடியாது. பாட்டில்களைக் குளியலறை, அடுப்படி, கூடம் என்று இடத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டுப் படுத்தாள்.

காலையில் குளியலறை பாட்டில் காலி. அடுப்படி பாட்டிலில் சில. கூடத்தில் பீடத்துக்குக் கீழே வைத்த பாட்டிலோ நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. எல்லாம் விரல் நகம் அளவுதான். வெளிர்ப் பழுப்பு நிறம், கழுத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள்.

"இதெல்லாம் சாக்கடைக் கரப்பானோட குட்டிக பாப்பா. வளந்தா பெருசாகும்" என்றார் அப்பா.

"குட்டிக்கு ரெக்கை இருக்காதுப்பா. இதுக்கு இருக்கு பாருங்க. இது வேற இனம், வீட்டுக்குள்ளயே எங்கயோ இருக்கு."

அப்பா பாட்டிலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

பீடம் என்பது சுவரில் அடித்த மரத்தட்டு. அதன்மேல் அந்தோணியார் சுரூபமும், எந்நேரமும் எரிகிற சிவப்பு பல்பும் இருந்தன. சாமி இருக்கிற இடம் என்று அதை யாரும் அசைத்ததே இல்லை. அன்புக்கரசி ஸ்டூல்மேல் ஏறி, டார்ச் அடித்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

அங்கே பன் துண்டுகள் கிடந்தன. செவ்வாய்தோறும் அம்மா அந்தோணியார் கோயிலுக்குப் போய், இனிகோவின் வீசிங் தீர வேண்டிக்கொண்டு மந்திரித்த பன் வாங்கி வருவார். அவன் கடித்தது போக மீதியைக் குப்பையில் போட அம்மாவுக்கு மனசு வராது. அந்தோணியாருக்குப் பின்னால் வைத்துவிடுவார். பல்புச் சூடும் பன்னும் சேர்ந்து கிடைக்க, கரப்பான்கள் அங்கே கல்யாண வீட்டுக் கூட்டம்போலக் கூடியிருந்தன.

அன்புக்கரசிக்குச் சிரிப்பு வரவில்லை. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க அதே யோசனை. சாயங்காலம் அம்மாவை ஸ்டூலில் ஏற்றி, டார்ச்சைக் கையில் கொடுத்தாள்.

அம்மா பார்த்தார். இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நானேல்ல எம் புள்ளைக்கு நோவை வளத்திருக்கேன்."

"அவனுக்காகத்தானம்மா வச்ச. அந்தோணியாருக்கு அது தெரியும். கரப்பானுக்குத்தான் தெரியல."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

சனிக்கிழமை, தூசி ஆகாதென்று இனிகோவை எதிர்வீட்டு அங்காளம்மாளிடம் விட்டார்கள். அன்புக்கரசி சொன்னபடி பீடத்துக்கு நேர்கீழே சோப்புத் தண்ணீர் நிறைந்த அகலத் தொட்டி வந்தது. அப்பா தட்டைக் கழற்றித் தொட்டிமேல் தட்டத் தட்ட, கூட்டம் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்தது. அம்மா கண்ணை மூடிச் செபம் சொன்னார். தப்பித்து ஓடியவற்றை ஒற்றைக் கண்ணைத் திறந்து விளக்குமாற்றால் அடித்தார்.

சுவர் விரிசலில் பயறு போல முட்டைக்கூடுகள் ஒட்டியிருந்தன. இவை தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான் என்று அன்புக்கரசி எல்லாவற்றையும் சுரண்டித் தொட்டியில் போடவைத்தாள். அப்பா விரிசலை வெள்ளை சிமெண்டால் அடைத்தார். அடுப்படி இடுக்குகளையும் விடவில்லை. பீடத்தைக் கழுவி மொட்டைமாடியில் காயவைத்தார்கள். அந்தோணியாரும் ரொம்ப நாளைக்குப் பிறகு குளித்தார்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று அன்புக்கரசி கெஞ்சினாள். பயணம் தள்ளிப்போனது. இரவில் சிந்தியதைத் துடைப்பதும், எச்சில் தட்டுகளைக் கழுவுவதும் அவள் பொறுப்பு. பாட்டில்களில் கூட்டம் நாளுக்கு நாள் குறைந்தது. அடுத்த செவ்வாய் அம்மா மந்திரித்த பன்னைக் கோயில் வாசலிலேயே எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்துவிட்டு, மகன் வாய்க்கு ஒரு துண்டு மட்டும் கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லா பாட்டில்களும் காலி. அம்மா பெரியம்மாவுக்குப் போன் போட்டார்.

"அனுப்பலக்கா. எம் புள்ள இங்கனயே நல்லா மூச்சு விடுறான்."

அது சரிதானா என்று பார்க்க, பாயில் படுத்திருந்த தம்பியின் நெஞ்சில் அன்புக்கரசி காதை வைத்தாள். வழக்கமான விசில் சத்தம் துளிக்கூட இல்லை. காதை எடுக்க மனசு வராமல் அப்படியே இருந்தாள்.

"தள்ளுக்கா, கூசுது" என்றான் இனிகோ.