உதட்டுக்குப் பொருந்திய குரல்

திரையில் ஷென் யூவின் உதடுகள் தமிழ் பேசின. டப்பிங்கில் வாய் ஒரு பக்கம் போகும், வார்த்தை இன்னொரு பக்கம் போகும். சீன நடிகனின் வாய்க்குள் தமிழைத் திணிக்க, குரல் கொடுக்கும் றொய்சன் படாத பாடு படுவான். அன்று ஓரெழுத்துக்கூடப் பிசகவில்லை. வோபர்னில் அந்த பேஸ்மென்ற் ஸ்டூடியோவின் ஈரக் கார்பெட் மணமும், சுவருக்குள் முனகும் ஹீற்றரும் எல்லாம் வழமைபோலத்தான் இருந்தன. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவு செய்யும் கிளிபோட் அண்ணை கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கதைப்படி, பதினேழு வயதில் தகப்பனின் படையைக் கையில் எடுத்தவன் ஷென் யூ. தன்னை வளர்த்தவனையே வெட்டினான். அவன் புகுந்த வீடுகளில் பிள்ளைகள் மிஞ்சவில்லை. இப்போது, முகத்தில் பாய்ந்த அம்பின் நஞ்சேறி, இருபத்தாறு வயதில் சாகிறான். கடைசி மூச்சுத்தான் பாக்கி.

றொய்சன் மைக்கில் அந்த மூச்சை விட்டான். திரையில் இருந்தவன் விடவில்லை. றொய்சனைப் பார்த்தான்.

"எனக்குச் சாக விருப்பமில்லை."

றொய்சனின் குரல்தான். ஆனால் றொய்சனின் வாய் மூடியிருந்தது.

அண்ணையைக் கூப்பிட வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது. அவர் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தார். திரையில் ஷென் யூவின் படுக்கை வெறுமையாகக் கிடந்தது.

வீட்டில் மகள் செரீனா தனியே. தாய் வேரோனிக்கா பின்னேர ஷிப்ற்றுக்குப் போயிருந்தாள். ஷென் யூ புகுந்த வீடுகள் றொய்சனின் நினைவுக்கு வந்தன. படிகளில் ஓடியபடியே வீட்டுக்கு அழைத்தான்.

"ஹலோ? ஹூ இஸ் திஸ்?" என்றாள் செரீனா.

அவன் தொண்டை கிழியக் கத்தினான். ஒன்றும் வரவில்லை.

அவளுக்குப் பின்னால் அவனுடைய குரல், மிகவும் அன்பாக: "போனை வை, குஞ்சு."

மல்வேர்ன் வீடு வரைக்கும் கார் ஓட்டியது அவனுக்கு நினைவில்லை. பூட்டில் திறப்பு திரும்பியது. கதவு மூன்று விரலளவு திறந்து, உள்ளே மாட்டியிருந்த சங்கிலியில் நின்றது. இடித்தான். தோளால் இடித்தான். மாதாவே, மாதாவே என்று வாய் மட்டும் அசைந்தது.

இடுக்கால் சோபா தெரிந்தது. செரீனா சாய்ந்திருந்தாள். பக்கத்தில் ஒருவருமில்லை.

"அப்பா, உது ஆர்?" என்றாள், கதவைப் பார்த்து.

"அங்க பாக்காதை. நான் இருக்கிறன்தானே," என்றது றொய்சனின் குரல்.

செரீனா முகத்தைத் திருப்பி அந்த வெறுமைக்குள் புதைத்துக்கொண்டாள். கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் தலைமுடியை ஏதோ ஒன்று வகிடு பிரித்து, மெல்ல, காதுக்குப் பின்னால் ஒதுக்கியது. கழுத்து தெரிந்தது.