சொந்தக்காரிக்கு ஒரு கடிதம்

வாடகை வீட்டில் மூன்று மாதமாக உடைந்து கிடந்த தாழ்ப்பாள் ஒருநாள் தானாகத் திருந்தியிருந்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்களா?

றிப்னா முதலில் சந்தோஷப்பட்டாள். பொழுது சாய்ந்து மஃரிபு தொழுதுவிட்டுப் பின்கதவைச் சாத்தப் போனபோதுதான் கண்டாள். தாழ்ப்பாள் புதியது. தொட்டால் ஈரம். அதன் நான்கு ஆணிகளிலிருந்தும் மெல்லியதாகத் தண்ணீர் வழிந்து, சீமெந்துத் தரையில் எங்கிருந்தோ வந்து கிடந்த கடல் மணலை நனைத்து, வலையில் மறந்துபோன மீனின் வாடையை வீடு முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்தது. மழை பெய்து பத்து நாளாகிறது. கூடத்தில் மகள் ஸப்னா பொம்மையோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டைத் தந்த முகைதீன்பாவாவுக்குப் போன் எடுத்தாள்.

"மாமா, தாழ்ப்பாளத் திருத்திட்டு ஒரு சொல்லும் சொல்லாமப் போயிட்டீங்களே."

"நானா? நான் ரெண்டு நாளா சாகாமத்து வயலுக்குள்ள நிக்கன் புள்ள."

"அப்ப உங்கட மகள் வந்திருப்பாங்க. உங்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் நொந்துதான் அவங்களுக்கே காயிதம் எழுதினன். வீட்டு உறுதி மகள் றாஹிலாட பேரிலதானே. திருத்திக் குடுக்கிற பொறுப்பு வீட்டுச் சொந்தக்காரிக்கு எண்டு ஒப்பந்தத்திலயே இருக்கே."

அந்தப் பக்கத்துத் தவளைச் சத்தத்துக்கு மேலால் அவர் குரலை உயர்த்தினார்.

"காயிதத்த எங்க போட்ட?"

"அவங்கட சாமான் வெச்சுப் பூட்டின அறைக் கதவுக்குக் கீழால. வந்தாப் பாக்கட்டும் எண்டுதான்."

"என்னெண்டு எழுதின?"

றிப்னாவுக்கு அது மனப்பாடம். "புருசன் கட்டாரில. நானும் புள்ளையும் தனிய. கதவு ஜன்னல் ஒண்டும் பூட்ட ஏலாது. என்ட புள்ள கடல்பக்கம் போகாமப் பாக்கிறது உங்கட பொறுப்பு எண்டு."

"யா அல்லாஹ். புள்ள, அந்த வீடு றாஹிலாக்குச் சீதனமா எழுதினது. கலியாணத்துக்கு ஒரு மாசம் இருக்கக்குள்ளதான் சுனாமில கடல் வந்து அவளக் கொண்டு போன. மய்யித்தும் கிடைக்கல்ல. உறுதியில பேர மாத்த எனக்கு மனசு வரல்ல." அவர் குரல் இறங்கியது. "புள்ளையத் தூக்கிட்டு இப்பவே வெளிய போ."

கூடத்துக்கு ஓடினாள். பொம்மை மட்டும் கிடந்தது.

முன்கதவைப் பார்த்தாள். புதுத் தாழ்ப்பாள். இழுத்தாள். அசையவில்லை. ஜன்னல். அதிலும் புதிது. அதிலும் ஈரம். கடிதத்தில் எழுதியது ஒவ்வொன்றும் திருந்தியிருந்தது.

பூட்டிய அறைக்குள் ஸப்னா கதைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே தொங்கிய பூட்டில் துரு அப்படியே இருந்தது.

"ஸப்னா?"

பேச்சு நின்றது. கதவுக்குக் கீழால் கடிதம் திரும்பி வந்தது. நனைந்திருந்தது. அவள் எழுத்தெல்லாம் கரைந்திருந்தது. அடியில் மட்டும் ஒரு கையொப்பம் கரையாமல் இருந்தது.

றாஹிலா.

உள்ளே யாரோ தாழ்ப்பாள் போட்டார்கள்.

அடுத்த நாள் காலை முகைதீன்பாவா ஆட்களோடு வந்து முன்கதவை உடைத்தார், பிறகு றிப்னா விடிய விடியத் தட்டிக்கொண்டிருந்த அறைக் கதவை உடைத்தார். உள்ளே யாரும் இல்லை. பொலித்தீன் பிரிக்காத கலியாண மெத்தையில் இரண்டு பள்ளங்கள் இருந்தன, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இரண்டிலும் கடல் தண்ணீர் நின்றது.