மூன்று புதியவை, ஒன்று பழையது

நேற்று மாலை மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஏழு வோல்ட் காட்டியது. இன்று மதியம் பதினொன்று புள்ளி இரண்டு. மெயின் சுவிட்சை அணைத்தது அவள்தான். அணைத்த பிறகு இரண்டு தடவை தொட்டுப் பார்த்ததும் அவள்தான். படகு தண்ணீரில்கூட இல்லை, பட்டறைக் கொட்டகைக்குள் மரக்கட்டைகள்மேல் சும்மா நின்றது. அப்படியிருக்க, மூன்று புத்தம் புது பேட்டரிகளின் சார்ஜ் எங்கே போயிற்று?

சந்தேகம் நான்காவதன் மேல்தான். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று பேட்டரிகளைக் கோர்க்கும்போது எல்லாம் ஒரே வயதாக, ஒரே அளவு சார்ஜோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் நிறைந்தது காலியானதற்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். பதினைந்து வருஷமாக அவள் இதில் ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் படகுக்காரர் இரண்டு நாளாக உயிரை எடுத்தார். "முன்பக்கம் ஒரு பழைய பேட்டரி இருக்கும்மா. அதோட ஒயர் இங்கதான் வருது. தூக்கிப் போட மனசு வரல, அதையும் சேர்த்து விட்டுடு." முகத்தை முறித்துப் பேச மனமில்லாமல், அந்தப் பேட்டரியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், பலகைச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஜோடி ஒயரையும் சேர்த்து நட்டுப் போட்டு முடுக்கிவிட்டாள். புத்தி கெட்டுப்போய்ச் செய்த வேலை.

இப்போது கழற்றலாமென்றால் நட்டு அசையவில்லை. நேற்று டப்பாவிலிருந்து எடுத்துப் போட்ட நட்டு, பல வருஷம் மழையில் கிடந்ததுபோல் துருவேறி இறுகியிருந்தது.

"அந்தப் பக்கம் போய் நான் கழட்டுறேன்," என்றாள் தங்கை. முன்பக்கத்துக்கு வழி, பலகைச் சுவரில் ஒரு சின்னச் சதுர ஓட்டைதான். அதில் நுழையக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான். பட்டறையில் எல்லோரும் அவளைக் குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வளையல கழட்டுனியாடி?"

"கழட்டியாச்சு. என்னைக்கு இந்தக் கேள்விய நிறுத்தப்போறே?"

நிறுத்த மாட்டாள். அம்மா போனபோது குச்சிக்கு ஏழு வயது. தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதிலிருந்து ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது வரை எல்லாம் அக்காதான். தங்கையை விட்டால் அக்காவுக்கும் யாருமில்லை.

நீலச் சட்டை ஓட்டைக்குள் மறைந்தது. தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம், பலகையில் குச்சியின் முழங்கால்கள் தேய்கிற சத்தம், புதுப் பெயின்ட் வாசனை, அதற்கும் அடியில் மெல்ல மெல்லக் கிளம்பி மூக்கை அடைக்கிற, ரொம்ப நாள் நோயாளி படுத்துக் கிடந்து ஜன்னலே திறக்காத அறையின் புழுங்கல் நாற்றம். பேட்டரிக்கு அப்படியொரு வாடை கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

"அக்கா, இங்க பேட்டரியே இல்ல."

"நல்லா பாரு."

"பாத்துட்டேன். ஒயர் ரெண்டும் அடிப்பலகை இடுக்குக்குள்ள போகுது. இரு, இழுத்துப் பாக்குறேன்."

ஒயர் விறைத்தது. தளர்ந்தது. மறுபடி விறைத்தது.

"மெதுவா இழுடி, பிஞ்சிடப் போகுது."

"நான் இழுக்கலையே. நீ இழுக்குறேன்னு நெனச்சேன்."

அக்காவின் கை ஒயரின் பக்கத்திலேயே இல்லை.

"வெளிய வந்துடு. இப்பவே."

"விட முடியலக்கா. டேப் பிரிஞ்ச எடத்துல பிடிச்சேன். கை ஒட்டிக்கிச்சு."

"ஷாக் அடிக்குதா?"

"இல்ல. சில்லுனு இருக்கு. தூக்கமா வருது."

பன்னிரண்டு வோல்ட் யார் கையையும் பிடித்து வைக்காது. மீட்டரைப் பார்த்தாள். பத்து. ஒன்பது புள்ளி நான்கு. எட்டு.

"குச்சி! பேசிட்டே இருடி!"

முனகல் மட்டும் வந்தது.

கட்டரை எடுத்தாள். அந்த அவசரத்திலும் பழக்கம் விடவில்லை. முதலில் மைனஸ். நறுக். பிறகு பிளஸ். நறுக்.

மீட்டர் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

வெட்டுப்பட்ட ஒயர் நுனிகள் தரையில் ஊர்ந்தன. மெதுவாக. ஓட்டைக்குள் போய்விட்டன.

அப்போதுதான் உறைத்தது. அந்த ஒயரில் இப்போது பேட்டரி எதுவும் இல்லை. குச்சி மட்டும்தான் இருக்கிறாள்.

தோள் வரை கையை ஓட்டைக்குள் விட்டுத் துழாவினாள். ஒரு கை கிடைத்தது. பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. முழு பலத்தோடு இழுத்தாள்.

நீலச் சட்டைக் கை வந்தது. அதற்குள்ளிருந்து, நரம்பு புடைத்து, தோல் சுருங்கி, புள்ளி புள்ளியாக ஒரு கிழவியின் கை. பிறகு வெளுத்த தலைமுடி. பிறகு முகம். கண்கள் மட்டும் குச்சியின் கண்கள்.

அடிப்பலகைக்குக் கீழே யாரோ சிரித்தார்கள். கலகலவென்று. குச்சியின் குரலில்.

பல்லில்லாத வாய் அசைந்தது. "விட்டுடுக்கா."

"மாட்டேன். மாட்டேன்டி."

இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள். விரல் நுனியிலிருந்து குளிர் ஏறியது. தங்கையின் கன்னத்தில் ஒரு சுருக்கம் மெல்ல மறைந்தது. அக்காவின் நகங்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிக்கொண்டிருந்தன.