நான்காவது மாடியில் ஆள் இல்லை

காலை பதினொரு மணிக்குத்தான் அந்தக் கட்டடத்துக்குப் போனோம். சுள்ளென்று வெயில். எதிரே டீக்கடையில் கூட்டம். பயப்படுவதற்கு அங்கே ஒரு காரணமும் இருக்கவில்லை.

நான் நகராட்சியில் கட்டட ஆய்வாளர். கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று சொல்லி ஆறு மாடி எழுப்பிவிட்டு, பாதியிலேயே முதலாளி கம்பி நீட்டிய கட்டடம் அது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அதற்குச் சீல் வைத்தவன் நான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிறவனும் நான்தான். போய்ப் பார்ப்பது என்றால் டீக்கடை பெஞ்சு வரைக்கும். பழைய அறிக்கையை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. ஒவ்வொரு மாடிக்கும் ஒரே வரி: ஆள் இல்லை. ஆபீஸில் எனக்குப் பட்டப்பெயரே 'ஈ காக்கா'. அதற்காக நான் வெட்கப்பட்டதும் இல்லை.

இப்போது கட்டடத்தை இடிக்க உத்தரவு வந்திருந்தது. புதிதாக வந்த இன்ஜினியர் மேடத்துக்கு என் மகள் வயசுதான் இருக்கும். ஏறிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"நான்தான் பதினாறு தடவை பார்த்துட்டேனே மேடம். ஒரு ஈ காக்கா கிடையாது."

"அப்ப பதினேழாவது தடவை என்கூட வாங்க சார்."

வேறு வழியில்லாமல் சீலை உடைத்தேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. சீல் வைக்கும் முன்பு ஒவ்வொரு மாடியிலும் நின்று, 'யாராவது இருக்கீங்களா?' என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் படிக்கட்டுத் தூணில் சாக்பீஸால் தேதி போட்டு, 'ஆள் இல்லை' என்று எழுத வேண்டும். அப்புறம்தான் வாசல் பூட்டில் அரக்கு வைப்போம். நான் சீல் வைத்த அன்றைக்குச் சாப்பாட்டு நேரம். எனக்கு நல்ல பசி. கீழ்த்தளத்தில் நின்றபடி ஒரே மூச்சில் மூன்று தடவை கத்தினேன். ஒரே ஒரு தூணில் எழுதினேன். ஆறு மாடிக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

மூன்றாம் நாள் ஒரு பெண் ஆபீஸுக்கு வந்தாள். அவள் புருஷன் அந்தக் கட்டடத்தில் கம்பி கட்டியவன்.

"சாமான் பையை எடுத்துட்டு வரேன்னு உள்ள போனாருங்க. திரும்பி வரல. ஒரு தடவை திறந்து பாருங்க சார்."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "ஆறு மாடியும் நானே ஏறிப் பார்த்துட்டேன்மா. வேற எங்கயாவது போயிருப்பாரு."

இந்த வார்த்தையைச் சொன்னது இதே வாய்தான்.

இப்போது மேடத்தோடு உள்ளே நுழைந்ததும் ஈரச் சிமென்ட் வாடையும் புறா எச்சத்தின் நெடியும் மூக்கைப் பிடித்தன. கீழ்த்தளத் தூணில் என் எழுத்து மங்கிப் போயிருந்தது. முதல் மாடிக்கு ஏறினோம்.

தூணில் சாக்பீஸ் எழுத்து. தேதி, பக்கத்தில் 'ஆள் இல்லை'. அதன் கீழே அடுத்த தேதி. மொத்தம் பதினாறு வரிகள். எல்லாம் என் அறிக்கைகளில் இருந்த தேதிகள்.

எழுத்து மட்டும் என்னுடையது இல்லை.

"பரவாயில்லையே சார்!" என்றார் மேடம். "நீங்க ஏறுறதே இல்லைன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. மன்னிச்சிடுங்க, நானும் நம்பிட்டேன்."

அப்போது மேல் மாடியிலிருந்து ஒரு சத்தம்.

கர்ர்... கர்ர்...

"புறாவா இருக்கும்," என்றார் மேடம்.

புறா இல்லை. சுவரில் சாக்பீஸ் உரசுகிற சத்தம் எனக்குத் தெரியாதா?

இரண்டாவது மாடியிலும் பதினாறு வரிகள். மூன்றாவது மாடியிலும் அப்படியே. நாங்கள் ஏற ஏற, அந்தச் சத்தமும் எங்களுக்கு ஒரு மாடி மேலேயே போய்க்கொண்டிருந்தது. திரும்பிவிடலாம் மேடம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் அடுத்த படியில் இருந்தார்.

நான்காவது மாடியில் கால் வைத்ததும் சத்தம் நின்றது.

இங்கேயும் அதே தேதிகள். ஆனால் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில், 'ஆள் உண்டு'.

பதினேழாவதாக ஒரு வரி இருந்தது. இன்றைய தேதி.

அதிலிருந்து வெள்ளைத்தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

"சார்... இதை யாரு எழுதினது?" மேடம் கிசுகிசுத்தார்.

மேடத்துக்கு என்ன தைரியமோ, முறைப்படி கூப்பிட்டார்.

"யாராவது இருக்கீங்களா?"

காத்திருந்தார்.

"யாராவது இருக்கீங்களா?"

எங்கோ தண்ணீர் சொட்டியது.

"யாராவது இருக்கீங்களா?"

லிஃப்டுக்காக விட்டிருந்த குழியிலிருந்து, தொண்டை காய்ந்த ஒரு குரல் வந்தது.

"இருக்கேன் சார்."

கூப்பிட்டது மேடம். பதில் வந்தது எனக்கு.

மேடம் டார்ச் அடித்தார். ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே, சாரப் பலகையின் மேல் ஒரு சாமான் பை. பக்கத்தில் கிழிந்த சட்டை. சட்டைக்குள் எலும்பு. விரல்கள் இருந்த இடத்தில் தேய்ந்து போன ஒரு சாக்பீஸ் துண்டு.

விழுந்து கால் முறிந்து கிடந்திருக்கிறான் என்றார் டாக்டர். ஐந்தாறு நாள் உயிரோடு இருந்திருப்பானாம். அவன் பெண்டாட்டி என் மேஜை முன்னால் வந்து நின்றது மூன்றாம் நாள். அன்றைக்கு ஒரு எட்டுப் போயிருந்தால்கூட போதும். இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அவள் மறுபடியும் வந்தாள்.

"நீங்க கூப்பிட்டப்ப அவரு பதில் சொல்லலையா சார்?"

"நான் ஏறவே இல்லைம்மா," என்றேன்.

அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். "ஒரு குரல் கொடுத்தா போதும், உடனே என்னன்னு கேப்பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்கு அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தேன்.

அந்த நான்காவது மாடிக்கு ஏறி இன்றோடு மூன்று மாதம். காலையில் மனைவி தன் தங்கையோடு கடைக்குப் போயிருந்தாள். நான் மட்டும் வீட்டில். பூட்டிக் கிடக்கிற எங்கள் மாடி அறையிலிருந்து குரல் கேட்டது.

"யாராவது இருக்கீங்களா?"

அதே காய்ந்த தொண்டை.

"இருக்கேன்!" என்று கத்தினேன்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் கேட்டது. மறுபடியும் கத்தினேன். மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கத்தினேன். அவன் முறை தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் காத்திருந்தான்.

கர்ர்... கர்ர்...

மாடிப்படிச் சுவரில் இன்றைய தேதி. பக்கத்தில் இரண்டே வார்த்தை.

ஆள் இல்லை.

வாசல் கதவு இடுக்கு வழியாக அரக்கு உருகும் வாசனை வந்தது. ஓடிப்போய் இழுத்தேன். கதவு அசையவில்லை. இரண்டு கையாலும் தட்டினேன், உதைத்தேன்.

வெளியே செருப்புச் சத்தம். மனைவி வந்துவிட்டாள்!

"என்னங்க..."

"இங்கதான் இருக்கேன்! கதவைத் தள்ளு!"

"என்னங்க..."

"உள்ளதான்டி இருக்கேன்!"

"என்னங்க..."

கத்தினேன். அழுதேன்.

வெளியே அவள் தங்கையிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"உள்ள ஆள் இல்லடி. வேற எங்கயாவது போயிருப்பாரு."