கயிற்றின் மறுமுனை

அந்த வீட்டுக்கு நான் குடிபோனதற்கு அதன் அழகு காரணமில்லை. நாய் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன ஒரே வீட்டுக்காரர் அவர்தான். பழைய வீடு. நீளமான கூடம், அதை ஒட்டிச் சமையலறையும் படுக்கையறையும், கோடியில் பூட்டிய ஓர் அறை. "அதுல என் பழைய சாமான் கிடக்கு, கண்டுக்காதீங்கம்மா" என்றார். கண்டுகொள்ள எனக்கு எங்கே நேரம்? நான் தையல்காரி. கூடத்து ஜன்னலோரம் நல்ல வெளிச்சம் விழுந்தது. மிஷினை அங்கே போட்டேன், துணி வெட்டும் மேசையைப் பக்கத்தில் தள்ளினேன், அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டேன்.

நாயின் பெயர் மிளகு. என் தங்கை வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போனபோது என் தலையில் கட்டிவிட்டுப் போன ஜீவன். நல்ல கறுப்பு, மூக்கு நுனியில் மட்டும் வெள்ளை. அவள் போனதிலிருந்து அவன் ஒரே ஒரு வேலைதான் செய்தான். சுருண்டு படுத்துக்கொண்டு தன் இடது முன்னங்காலை நக்குவான். நக்கி நக்கி முடி போய், தோல் போய், சிவந்த சதை தெரிந்தது. நக்கவிடாமல் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டினால் சாப்பாட்டைத் தொடமாட்டான். தங்கை போனில், "நல்லா இருக்கானாக்கா?" என்று கேட்கும்போதெல்லாம் வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

கால்நடை டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மருந்து போட்டுட்டே இருக்கலாம், அவன் நக்கிட்டே இருப்பான். இது ஏக்கத்துல வர்றது. அவனை விளையாட வைங்க, மனசு வேற பக்கம் திரும்பட்டும். புண்ணு எலும்பைத் தொட்டுருச்சுன்னா காலை எடுக்கிறதைத் தவிர வழியில்லை."

விளையாட வைப்பது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். ரப்பர் வாத்து, கீச்சிடும் எலும்பு, பந்து என்று ஒரு பை நிறைய வாங்கிவந்தேன். அவன் முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டினேன். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் நானே தரையில் தவழ்ந்து வாத்தை அமுக்கிக்கொண்டிருந்தபோது, சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஓர் அம்மாள் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று நழுவிவிட்டார்.

டாக்டர்தான் பந்தக்காவை அனுப்பிவைத்தார். நாய்களுக்குப் பழக்கம் சொல்லிக்கொடுப்பவர். ஐம்பது வயதிருக்கும். பையில் எப்போதும் நாலு பந்து கிடப்பதால் அந்தப் பெயர். வந்ததும் என் பொம்மைக் குவியலைப் பார்த்துச் சிரித்தார்.

"மூஞ்சிக்கு நேரா கொண்டு போறியா? எந்த எலியாவது தானா வந்து நாய் வாயில விழுமா? பொம்மைன்னா பயந்து ஓடணும், ஒளியணும். அப்பத்தான் அவனுக்கு அது உயிர்னு தோணும். தங்கச்சி போட்ட பழைய துணி ஏதாவது இருக்கா?"

பெட்டியில் அவளுடைய சாயம் போன பருத்திச் சட்டை ஒன்று கிடந்தது. அதை நாடா நாடாகக் கிழித்துப் பின்னிக் கயிறாக்கினோம். பந்தக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூடிய கதவின் அடியில் பொம்மையை நழுவவிடுவார். கண்ணெதிரே மறையும் பொருளை எந்த நாயாலும் சும்மா விடமுடியாதாம். சமையலறைக் கதவும் படுக்கையறைக் கதவும் தரையோடு இழைந்து கிடந்தன. பூட்டிய அறையின் கதவுக்கு அடியில் மட்டும் இரண்டு விரல் நுழையும் இடுக்கு இருந்தது.

"இது போதும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

என் அளவுகோலால் கயிற்றில் பாதியை உள்ளே தள்ளினார். வெளியே கிடந்த பாதியை விரலால் சுண்டுவார், நிறுத்துவார், மறுபடி சுண்டுவார். கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இடுக்குக்குள் போனது. மிளகு நக்குவதை நிறுத்தினான். காது நிமிர்ந்தது. கயிற்றின் வால் மறையப்போகும் நேரத்தில் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து அதைக் கவ்வி வெளியே இழுத்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பந்தக்கா என் முதுகில் தட்டினார். "தினமும் மத்தியானம் இப்படிச் செய். அவன் ஜெயிக்கிற மாதிரி விட்டுக்கொடு. ஜெயிச்சாத்தான் நாளைக்கும் வருவான்."

அப்படியே செய்தேன். நக்குவது குறைந்தது. புண்ணின் ஓரத்தில் மெல்லிய முடி துளிர்த்தது. தங்கையிடம் நான் சொன்ன பொய் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாகிக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் அவசரத் தையல் வேலை. அன்றைக்குக் கயிற்றை இடுக்கில் செருகிய கையோடு எழுந்துவந்து மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் மிளகு செல்லமாக உறுமினான். நகம் தரையில் கிறீச்சிட்டது. பாவம், தனியாகவே விளையாடுகிறான் என்று சிரித்துக்கொண்டே காலால் மிஷினை மிதித்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. தனியாக எப்படிக் கயிறு இழுப்பது?

மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினேன்.

மிளகு கயிற்றைக் கவ்விப் பின்னால் சாய்ந்து நின்றான். கயிறு விறைப்பாக இடுக்குக்குள் போனது. உள்ளே எதிலாவது மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். கயிறு மெல்ல உள்ளே போனது. மிளகு வழுக்கினான். பிறகு கயிறு தளர்ந்தது, அவன் வெற்றியோடு பின்வாங்கினான். நுனி இடுக்கின் விளிம்பில் நின்றது.

கயிறு ஒரு சுண்டு சுண்டியது. நின்றது. மறுபடி ஒரு சுண்டு.

எலி இழுக்கலாம். எலி விட்டுக்கொடுக்காது.

இடுக்கிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. மிளகின் வால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

உடனே பந்தக்காவுக்குப் போன் செய்தேன். அவர் வந்து, "தூக்கம் கெட்டுத் தச்சா இப்படித்தான் தோணும்" என்று கேலி செய்தபடியே கதவருகே சம்மணமிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கயிற்றைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உதிர்ந்தது. கயிறு அவர் கையில் விறைத்தது. மிளகு ஓடிவந்து தானும் கவ்வினான். நாய்களிடம் பேசும் அதட்டலான குரலில் பந்தக்கா சொன்னார்.

"விடு!"

மிளகு வாயைத் திறந்தான்.

கதவுக்கு அந்தப் பக்கமும் பிடி தளர்ந்தது.

பந்தக்கா என் காதோரம் கிசுகிசுத்தார். "நான் இவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் அது கேட்டுக்கிட்டு இருந்திருக்கும்மா."

வீட்டுக்காரர் சாவியோடு வந்தார். பூட்டைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். ஓர் அலமாரி, கட்டில், செங்கல் வைத்து அடைத்த ஜன்னல். எங்கும் தடித்த தூசி, அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. கதவை ஒட்டி மட்டும், ஒரு சின்ன உடம்பு குப்புறப் படுத்துக் கிடந்த நீளத்துக்குத் தரை துடைத்தாற்போல் சுத்தமாக இருந்தது. தலைமாடு இடுக்கைப் பார்த்து இருந்தது.

"யாரு இருந்தா இங்க?" என்று கேட்டேன்.

"எலியா இருக்கும்மா" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்றே மிளகோடு ஒரு தோழி வீட்டுக்கு ஓடினேன். கயிற்றையும் மறக்காமல் எடுத்துப்போனேன். அவன் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலையிலேயே காலை நக்கத் தொடங்கினான். பந்தக்கா தினம் வந்து தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். தோழி வீட்டுக் கதவு ஒன்று விடாமல் முயன்றார். மிளகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். துளிர்த்த முடி போனது. ஒரு காலையில் விரிப்பெல்லாம் ரத்தம். டாக்டர் பார்த்துவிட்டு, "இனிமே காத்திருக்க முடியாது. திங்கட்கிழமை அந்தக் காலை எடுத்துரலாம்" என்றார். எடுப்பது ஏதோ ஒட்டுத்துணி என்பதுபோல.

மூன்று காலோடு அவனைத் தங்கைக்கு எப்படிக் காட்டுவேன்? அதைவிட, இந்தக் கால் போனால் அடுத்த காலை நக்கமாட்டான் என்று என்ன நிச்சயம்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனைத் தூக்கிக்கொண்டு பழைய வீட்டுக்கே போனேன். பந்தக்கா எவ்வளவோ தடுத்தார், நான் கேட்கவில்லை. கூடத்தில் நல்ல வெயில். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். கயிற்றை இடுக்கில் செருகினேன்.

கயிறு அசையவில்லை.

நாங்கள் விட்டுவிட்டுப் போனதில் கோபமோ என்னவோ. நான் தரையில் படுத்து, இடுக்கில் வாயை வைத்தேன். அந்த இருட்டிலிருந்து என் உதட்டில் குளிர்ந்த மூச்சு பட்டது. அப்போதும் எழுந்து ஓடவில்லை என்றால், அந்த அளவுக்கு அந்த நாய்மேல் எனக்கு ஆசை.

"இவனோட விளையாடு" என்று கெஞ்சினேன். "இவன் கால் போயிரக் கூடாது. நான் உன்னை ஒண்ணும் சொல்லமாட்டேன். நீ எங்க கூடவே இரு."

கயிறு ஒரு சுண்டு சுண்டியது.

என் பக்கத்தில் சுருண்டு கிடந்த மிளகு துள்ளிக் குதித்தான்.

திங்கட்கிழமை நாங்கள் டாக்டரிடம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனபோது புண் வற்றியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மழைக்காலம் முடிவதற்குள் கால் முழுக்கக் கறுப்பு முடி மூடிவிட்டது. தங்கை போன் திரையில் அதைப் பார்த்துக் கைதட்டினாள். கால் ஆறியதும் நான் அந்தப் பழைய வீட்டைக் காலி செய்தேன். பந்தக்காவே தேடிக்கொடுத்த புதுக் கட்டடம், மாடியில். எந்தக் கதவுக்கு அடியிலும் ஒரு தாள்கூட நுழையாது. அதை மண்டியிட்டுப் பார்த்த பிறகுதான் முன்பணமே கொடுத்தேன்.

போன முதல் நாளே, அவன் ஏங்கிவிடுவானோ என்று கண்ணெடுக்காமல் பார்த்தேன். மிளகு நன்றாகச் சாப்பிட்டான். நன்றாகத் தூங்கினான். காலை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நேற்று மத்தியானம் மிஷினில் உட்கார்ந்து ஒரு கழுத்துப்பட்டை தைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் அந்தச் செல்ல உறுமல் கேட்டது. நூலை வெட்டிவிட்டுத் திரும்பினேன்.

கூடத்தின் நடுவில், வெயிலில், மிளகு கயிற்றைக் கவ்வி இழுத்துக்கொண்டு நின்றான். அருகில் கதவும் இல்லை, சுவரும் இல்லை. கயிற்றின் மறுமுனை என் முழங்கால் உயரத்தில் வெறும் காற்றில் விறைத்து நின்றது.

அவனுக்குத் தாகம் எடுத்தது போல. விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனான். அவன் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

கயிறு கீழே விழவில்லை.

கொஞ்ச நேரம் அங்கேயே தொங்கியது. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பி, என் நாற்காலியை நோக்கி வரத் தொடங்கியது.