மூன்றாவது பெட்டி

இரண்டாவது பெட்டியைச் சுவரில் செருகுவதற்கு முன்பே முதல் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துவிட்டது.

அவள் மாடிப்படியில் பாதியில் நின்று, கையிலிருந்த பெட்டியையும் கீழே ஹாலில் மினுங்கிய விளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜோடி சேர்ந்தால்தான் பச்சை எரியும் என்று கணவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். ஜோடியோ அவள் கையில் சும்மா கிடந்தது.

ஹாலுக்கு இறங்கி வைஃபையில் அவனைக் கூப்பிட்டாள். வெளியூரில் வேலையாக இருந்தவன் போனில் சிரித்தான்.

"ரெண்டையும் ஹால்லயே பக்கத்துல பக்கத்துல மாட்டி பட்டனை அமுக்கு, அப்புறம் ஒண்ணை மேலே கொண்டுபோன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. வாலு மேலே கத்திக்கிட்டு இருந்தா. ஒண்ணை அமுக்கிட்டு ஓடினேன்."

"பட்டனை அமுக்கினா கொஞ்ச நேரத்துக்கு யார் வேணா சேர்ந்துக்கலாம்."

"யாருங்க சேருவா? பக்கத்து வீடா?"

"கரண்ட் மீட்டரைத் தாண்டி வராதும்மா. முன்னாடி குடியிருந்தவங்க பழசு ஏதாவது மாட்டிவிட்டுப் போயிருப்பாங்க. பயந்தாங்கொள்ளி, போய் வேலையைப் பாரு."

வீட்டுக்குள் போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. ஹாலைத் தாண்டினால் வைஃபையும் இல்லை. அதனால்தான் சுவருக்குள் ஓடும் மின்கம்பி வழியாகவே இணையத்தை மேலே அனுப்பும் இந்தப் பெட்டிகளை வாங்கினார்கள். அவள் மாடியில் இரண்டாவதை மாட்டினாள். வாலு என்று கூப்பிடப்படும் நாலு வயது மகள் கார்ட்டூன் வந்த சந்தோஷத்தில் கட்டிலில் குதித்தாள். போனில் பெட்டிகளுக்கான ஆப்பைத் திறந்தால் மூன்று பெட்டிகள் தெரிந்தன. ஹால், மாடி, பெயரில்லாத ஒன்று.

அந்தப் பெயரில்லாதது சும்மா இருக்கவில்லை. இணையத்திலிருந்து ஏதோ ஒன்றை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. ஹாலுக்கு வந்து மறுபடி கூப்பிட்டபோது கணவனின் குரல் கரகரத்து, தேய்ந்து, பாதிப் பேச்சில் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் மணி போகவில்லை.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது கதை என்று தனக்கே தைரியம் சொல்லிக்கொண்டு, வாசல் கதவுக்குப் பக்கத்திலிருந்த மெயின் போர்டைத் திறந்தாள். சமையலறை வரிசையை அணைத்தாள். ஃபிரிட்ஜின் முனகல் நின்றது, போனில் மூன்றும் அப்படியே இருந்தன. மாடியை அணைத்தாள், "அம்மா!" என்று மேலிருந்து ஒரு கத்தல், மாடிப் பெட்டி மறைந்தது, பெயரில்லாதது மறையவில்லை. மிச்சமிருந்தது ஹால் ஒன்றுதான்.

அப்படியென்றால் அது அவள் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

ஹாலின் பிளக்குகள் எல்லாம் கண்ணெதிரே இருந்தன. தெரியாத இடம் ஒன்றே ஒன்று. சுவரோடு சுவராக அடித்து வைத்திருந்த பழைய மர அலமாரியின் பின்பக்கம். கிட்டே போனாள். பலகை இடுக்கிலிருந்து சூடான காற்று வந்தது, ரொம்ப நாள் மூடிக்கிடந்த வாயின் நாற்றத்தோடு. வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

மாடிக்கு ஓடி, இருட்டில் அழுதுகொண்டிருந்த வாலுவை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மகள் ஒருமுறை தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடியதிலிருந்து அந்தக் கதவில் தாழ்ப்பாளே கிடையாது. போனில் தொட்டால் மட்டும் திறக்கும் பூட்டு. இவள்தான் அடம்பிடித்துப் போடவைத்தாள். ஜன்னல்களிலும் கம்பி.

தொட்டாள்.

'முதலில் இணைந்தவரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.'

மறுபடி தொட்டாள். அதே வரி. கதவை உதைத்தாள், கத்தினாள். மழைச் சத்தத்தில் அவள் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

"அம்மா, எங்கே போறோம்?"

"வெளியே. கண்ணை மூடிக்கோடா தங்கம். அம்மா தோள்ல படுத்துக்கோ."

மின்சாரமே இல்லாவிட்டால் அதுவும் செத்துப்போகும், பூட்டும் விட்டுவிடும். அப்படித்தான் நினைத்தாள். ஹால் வரிசையையும் அணைத்தாள். வீடு மொத்தமும் இருண்டது. ரவுட்டர் அணைந்தது. முதல் பெட்டி அணைந்தது. கதவு மட்டும் அசையவில்லை.

கையிலிருந்த போனில் வைஃபை முழுதாக இருந்தது.

பின்னால் பலகை கிரீச்சிட்டது.

திரும்ப உடம்பு ஒத்துழைக்கவில்லை. கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். போனில் தானாக ஒரு படம் விரிந்தது. சாம்பல் நிறம். ஒரு பெண்ணின் முதுகு. நெற்றி கதவில். கையில் சின்ன வெளிச்சம். அவளுடைய முதுகு.

தோளுக்கு மேல் வாலுவின் முகம். கண்ணை மூடவில்லை. படம் பிடிக்கும் அதையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் ஆடியது. முதுகு பெரிதானது. மறுபடி ஆடியது. இன்னும் பெரிதானது. பின்னங்கழுத்தின் வியர்வை தெரிந்தது.

அவள் மகளை இறுக்கிப் பிடித்தாள்.

படத்தில் வாலு சிரித்தாள். தூக்கிக்கொள்ள யாராவது கிட்டே வந்தால் நீட்டுவாளே, அதே மாதிரி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

தோளில் இருந்த கனம் மெல்லக் குறைந்தது.