காணாமல் போன வ்வூம்-டக்

அன்று நான் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுக் கூரை பறக்காதது ஆச்சரியம்தான்.

எல்லாம் என் அண்ணன் ஜமாரால் வந்தது. அவனுக்குப் பதினைந்து வயது. டெட்ராய்ட் நகரத்திலேயே தான்தான் பெரிய இசை மேதை என்று நினைப்பு வேறு!

எங்கள் கணினியில் சிந்தசைசர் மென்பொருள் ஒன்று இருக்கிறது. திரையில் தெரியும் குமிழ்களைத் திருப்பினால் புதுப்புது ஒலி வரும். மூன்று வாரம் திருப்பித் திருப்பி நான் ஓர் ஒலி செய்து வைத்திருந்தேன். ‘வ்வூஊஊம்’ என்று ஏறி, ‘டக்’ என்று நிற்கும். எங்கள் கயிறு தாண்டும் குழுப் பெண்கள் அந்த ‘டக்’ கேட்டதும்தான் சுழலும் இரட்டைக் கயிற்றுக்குள் குதிப்பார்கள். அப்படித்தான் பழகியிருந்தோம்.

அன்று மாலை நான்கு மணிக்குக் கயிறு தாண்டும் போட்டி. அதற்கான புதுப் பாட்டை முடிக்கலாம் என்று காலையில் உட்கார்ந்தேன். பட்டியலில் என் ஒலியைக் காணோம்!

“ஜமார்! கம்ப்யூட்டர்ல என்னடா பண்ணித் தொலைச்சே?”

“ஒரு சவுண்ட் பேக் இறக்கிப் போட்டேன். இருநூறு சவுண்டு, இலவசம்! ஆனா ஒண்ணுகூட வரமாட்டேங்குது.”

“எங்கே போட்டே?”

“அதுல ‘யூசர்’னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சு. நம்ம கம்ப்யூட்டர்லயும் அதே பேர்ல ஒண்ணு இருந்துச்சு. அது மேல இழுத்துப் போட்டேன். மாத்தவான்னு கேட்டுச்சு, ஆமான்னு அழுத்திட்டேன்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பழைய ஃபோல்டரில்தான் என் ஒலி இருந்தது. அதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கவா என்று கணினி கேட்டிருக்கிறது. இந்த மகாராஜா படித்துக்கூடப் பார்க்காமல் தலையாட்டியிருக்கிறார்! கணினியின் குப்பைத் தொட்டியிலும் தேடினேன். அங்கேயும் இல்லை.

“கண்ணை எங்கேடா வச்சிருந்தே?”

“ஒரு சத்தம்தானே, கெசியா? வேற ஒண்ணு எடுத்துக்கோயேன்.”

ஒரு சத்தமாம்! தலையணையை எடுத்து வீசினேன். அது அவனைத் தாண்டிப் போய், சமையல் மேசையில் அம்மா காலை உணவுக்குக் கரைத்து வைத்திருந்த பான்கேக் மாவில் தொபுக்கென்று விழுந்தது.

“ரெண்டு பேருக்கும் இன்னிக்கு பான்கேக் கிடையாது!” என்று அம்மா கத்தினார்.

பசியும் கோபமுமாக மறுபடி குமிழ்களைத் திருப்பினேன். சளி பிடித்த ஆடு கத்துவதுபோல் ஏதோ வந்தது. அழுகை முட்டியது. மணி பன்னிரண்டு.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. போன வாரம் பயிற்சிக்காக ஒரு பாட்டு செய்தேனே! பாட்டைச் சேமித்தால், அதில் வரும் ஒலியும் அதற்குள்ளேயே தங்கிவிடும் அல்லவா?

திறந்தேன். வ்வூஊஊம்... டக்!

“ஹேய்ய்!” என்று துள்ளினேன். உடனே அதைத் தனியாகச் சேமித்தேன். ‘கெசியாவுடையது, கை வைத்தால் கடிப்பேன்’ என்று பெயரும் வைத்தேன்.

ஜமார் மூலையில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். ஆனாலும் அந்தப் புது ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர்! இருநூறு ஒலிகளும் அடியில் அடைபட்டுக் கிடந்தன. அவ்வளவு உள்ளே இருந்தால் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன். பட்டியலில் வரிசையாக வந்து நின்றன.

“கெசியா! நீ...”

“பேசாதே! இன்னும் கோபமாத்தான் இருக்கேன்.”

மாலையில், நான் முடித்த புதுப் பாட்டில் ‘டக்’ கேட்டதும் சரியாக எங்கள் குழுப் பெண்கள் நான்கு பேரும் கயிற்றுக்குள் குதித்தார்கள். ஒரு கால்கூடத் தடுக்கவில்லை. கைதட்டல் காதைப் பிளந்தது.

வெளியே வந்ததும் ஜமார் என் கையில் ஒரு பென் டிரைவைத் திணித்தான். அதன்மேல் என் பெயரை ஒட்டியிருந்தான்.

“உன் சவுண்டு. மூணு காப்பி போட்டிருக்கேன்.”

“மூணு எதுக்குடா?”

“நீ கத்தின கத்துக்கு ஒண்ணு போதாதுன்னு தோணுச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் பாதி இறங்கியது. மீதிப் பாதியை, அவன் எனக்கு வாங்கித் தர வேண்டிய பான்கேக்குக்காக வைத்துக்கொண்டேன்.